சாம்பலும் கசடும் கலந்த கான்கிரீட்டில் கன உலோகம் கசிகிறதா? சோதிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

நாங்குநேரிப் பக்கம் கிணற்று உறை வார்க்கிற அண்ணாச்சி ஒருவர் ஒரு காகிதத்தோடு வந்தார். மணலில் ஒரு பங்குக்குப் பதிலாகத் தாமிரக் கசடு, அதாவது காப்பர் ஸ்லாக், போட்டு உறை வார்த்திருக்கிறார். ஒரு லேபில் கொடுத்து 'பாஸ்' என்று சான்றும் வாங்கிவிட்டார். "இத குடிதண்ணிக் கெணத்துல எறக்கலாம்லா சார்?" என்பதுதான் கேள்வி. சோதனையைச் சரியாகத்தான் செய்திருந்தார்கள், எண்களிலும் தப்பில்லை. ஆனால் அவர் கேட்ட கேள்விக்கான சோதனையே அது இல்லை.

வருடா வருடம் ப்ராஜெக்ட் என்று வருகிற சிவில் மாணவர்களும் இதே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். அதனால் வேலையை எந்த வரிசையில் செய்ய வேண்டும், எங்கே கெட்டுப்போகும் என்பதை மட்டும் எழுதுகிறேன். நிலக்கரிச் சாம்பல் (ஃப்ளை ஆஷ்), காப்பர் ஸ்லாக், இரும்பாலைக் கசடு எதைக் கலந்திருந்தாலும் வழி ஒன்றுதான்.

1. இந்தக் கான்கிரீட் எங்கே இருக்கப் போகிறது?

எல்லாவற்றுக்கும் முன்னால் இதை ஒரு நோட்டில் எழுதுங்கள். கிணற்று உறையா, தரைத்தொட்டியா, பேவர் பிளாக்கா, சுவருக்கான சாம்பல் கல்லா, இல்லை இடித்து எங்கேயோ கொட்டப் போகிற கழிவா? இதைப் பொறுத்துத்தான் சோதனை.

எல்லோருக்கும் தெரிந்த பெயர் டிசிஎல்பி. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் 1311ஆம் முறை. பொருளை உடைத்து, அசிட்டிக் அமிலக் கரைசலில் போட்டு, 18 மணி நேரம் உருட்டுவார்கள். நகராட்சிக் குப்பை மேட்டில் கழிவைக் கொட்டினால், அழுகும் குப்பையிலிருந்து வரும் அமிலத்தில் என்ன கரையும் என்று பார்ப்பதற்காக வந்த சோதனை இது. நம் நாட்டின் 2016 அபாயகரக் கழிவு விதிகளும் ஒரு கழிவு அபாயகரமானதா என்று வகைப்படுத்த இதைத்தான் கேட்கின்றன. அண்ணாச்சி வாங்கிய சான்றும் இந்தச் சோதனைக்குத்தான். கிணற்று உறை குப்பை மேட்டில் இருக்கப் போவதில்லையே.

தண்ணீருக்குள் முழுசாக இருக்கிற கான்கிரீட்டுக்கு ஊறல் சோதனை வேண்டும். கட்டியை உடைக்காமல் தண்ணீரில் ஊறப்போட்டு, குறித்த நாள்களில் தண்ணீரை மாற்றி மாற்றி அளப்பது. அதே முகமையின் 1315ஆம் முறையும், நெதர்லாந்தின் என்இஎன் 7375ம் இந்த வகை. சுவருக்கும் பேவர் பிளாக்குக்கும்கூட இதையே செய்யச் சொல்வேன். 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணிக் கரையோரம் எத்தனை வீட்டுச் சுவர் தண்ணீருக்குள் நின்றது என்று பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

பழைய கான்கிரீட்டை உடைத்து ரோட்டுக்கு அடியில் ஜல்லியாகப் போடுவதென்றால், உடைத்த துண்டை வெறும் தண்ணீரில் உருட்டும் சோதனை பொருந்தும். ஐரோப்பிய இஎன் 12457 வரிசையில் 4 மி.மீ.க்குக் கீழ் உடைத்து, எடையைப் போல பத்து மடங்கு தண்ணீரில் 24 மணி நேரம் உருட்டும் முறை ஒன்று இருக்கிறது.

சந்தேகமாக இருந்தால் ஊறல் சோதனையும் டிசிஎல்பியும் இரண்டுமே செய்யுங்கள். முதலாவது இப்போதைக்கு, இரண்டாவது என்றைக்காவது இடித்துக் கொட்டும் நாளுக்கு.

2. வார்ப்பதற்கு முன்னால் லேபோடு பேசுங்கள்

மாணவர்கள் கடைசியாகச் செய்கிற வேலை இது. நான் முதலில் செய்யச் சொல்வேன். ஏனென்றால் எத்தனை மி.லி. வேண்டும், எந்தப் பாட்டில், எந்த உலோகத்தை எவ்வளவு குறைவு வரை அளப்பார்கள் என்பது தெரியாமல் திட்டம் போட முடியாது.

கேட்க வேண்டிய முக்கியக் கேள்வி: "ஈயத்தை எந்த அளவு வரைக்கும் நம்பிச் சொல்லுவீங்க?" தீச்சுடரில் அளக்கும் சாதாரண ஏஏஎஸ் கருவி 0.1 மி.கி./லி. பக்கத்திலேயே தடுமாறும். குடிநீருக்கான ஐஎஸ் 10500 ஈயத்துக்கு வைத்திருக்கும் வரம்பு 0.01 மி.கி./லி., காட்மியத்துக்கு 0.003. அந்தக் கருவியில் அளந்து 'கண்டறியப்படவில்லை' என்று வந்தால், வரம்பைப் போல ஐந்து மடங்கு ஈயம் இருந்தாலும் அப்படித்தான் வந்திருக்கும். குடிநீர்க் கேள்வி என்றால், மிகக் குறைந்த அளவையும் பிடிக்கிற ஐசிபி-எம்எஸ் கருவி இருக்கிற, என்ஏபிஎல் (லேப்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற லேபைத் தேடுங்கள். திருநெல்வேலியில் கிடைக்காவிட்டால் மதுரைக்கோ சென்னைக்கோ பார்சல் அனுப்ப வேண்டியதுதான், அந்தச் செலவையும் இப்போதே கணக்கில் வையுங்கள்.

அடுத்தது நாள் கணக்கு. வார்த்து 28 நாள், ஊறல் 63 நாள், அறிக்கைக்கு இரண்டு வாரம். மூன்றரை மாதம் ஓடிவிடும். பொங்கல் முடிந்து வந்து, ஏப்ரலில் ரிவியூ சார் என்றால் டிசிஎல்பி மட்டும்தான் நடக்கும்.

3. கழிவை எடுக்கும் விதம்

தூத்துக்குடி அனல்மின் நிலையத்தில் 210 மெகாவாட் அலகுகள் ஐந்து. ஆனால் 'தூத்துக்குடிச் சாம்பல்' என்று ஒரே சாம்பல் கிடையாது. புகையிலிருந்து சாம்பலைப் பிடிக்கும் மின்வடிப்பானின் முதல் வரிசையில் பருமனான தூளும், கடைசி வரிசைகளில் மிக நுண்ணிய தூளும் விழும். ஆர்சனிக், செலினியம், ஈயம், காட்மியம் போன்றவை சூட்டில் ஆவியாகிப் பிறகு குளிரும்போது துகளின் மேலே படிகின்றன. நுண்ணிய தூளுக்குப் பரப்பு அதிகம், அதனால் உலோகமும் அதில்தான் கூடுதல். குளத்தில் கிடந்த ஈரச் சாம்பலோ ஏற்கெனவே தண்ணீரில் அலசப்பட்டது.

ஆக, சாம்பலா, எந்தச் சாம்பல், எந்தத் தேதியில் வந்த லோடு என்று குறித்துக்கொள்ளுங்கள். குவியலின் மேலே ஒரு கை அள்ளிவிட்டு வராதீர்கள். ஐந்தாறு இடத்தில், கொஞ்சம் தோண்டி எடுத்து, பாலித்தீன் விரிப்பில் கலந்து, நாலாகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்கை வைத்துக்கொண்டு மறுபடி கலந்து பிரியுங்கள். ஒரு கிலோவைத் தனியாக மூடி வையுங்கள். கடைசியில் எண் விசித்திரமாக வந்தால் திரும்பிப் பார்க்க அது ஒன்றுதான் இருக்கும்.

கழிவில் மொத்தம் எவ்வளவு உலோகம் இருக்கிறது என்றும் அளந்துகொள்ளலாம். ஆனால் அந்த எண்ணை வைத்துப் பயப்படவோ நிம்மதியடையவோ வேண்டாம். காப்பர் ஸ்லாக் இரும்புச் சிலிக்கேட்டாலான கண்ணாடி மாதிரியான மணி, உள்ளே இருக்கிற உலோகத்தில் பெரும்பங்கு அதற்குள்ளேயே பூட்டிக் கிடக்கும். இருப்பது வேறு, கசிவது வேறு.

4. வார்ப்பு: பாதித் தவறு இங்கேதான்

குறைந்தது இரண்டு கலவை வார்க்க வேண்டும். கழிவு போட்டது ஒன்று, போடாதது ஒன்று. மற்ற எல்லாம் ஒரே மாதிரி: அதே தண்ணீர், அதே ஜல்லி, அதே மணல். கழிவு போடாத மாதிரி எதற்கு என்று எல்லோரும் கேட்கிறார்கள். சிமெண்டிலேயே குரோமியம் இருக்கிறது. மூலப்பொருளில் இருக்கும் குரோமியம் சூளையின் சூட்டிலும் காற்றிலும் ஆறு இணைதிற குரோமியமாக மாறுகிறது, அதுதான் நீரில் எளிதில் கரைகிற, நச்சு கூடிய வடிவம். ஐரோப்பாவில் சிமெண்டில் அதற்கு 2 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் இரண்டு பங்கு, என்று வரம்பே வைத்திருக்கிறார்கள். ஒப்பிட வேறு கட்டி இல்லாமல் குரோமியத்தைக் கண்டுபிடித்துவிட்டு, பாவம், சாம்பலின் தலையில் பழியைப் போட்டவர்கள் உண்டு.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. கடையில் "சிமெண்ட் ஒரு மூட்டை" என்று கேட்டால் பெரும்பாலும் பிபிசி, அதாவது போர்ட்லாண்ட் பொசோலானா சிமெண்ட், வரும். அதில் ஏற்கெனவே 15 முதல் 35 சதவீதம் வரை சாம்பல் இருக்கலாம். அதை வைத்துச் 'சாம்பல் இல்லாத மாதிரி' வார்த்தால் அது சாம்பல் உள்ள மாதிரிதான். ஓபிசி (சாதாரண போர்ட்லாண்ட் சிமெண்ட்) என்று அச்சிட்ட மூட்டையைக் கேட்டு வாங்குங்கள்.

கழிவின் அளவையும் வாய்க்கு வந்தபடி வைக்காதீர்கள். ஐஎஸ் 383:2016 காப்பர் ஸ்லாக்கைச் சிறுஜல்லியாக, அதாவது மணலுக்குப் பதிலாக, கம்பி இல்லாத கான்கிரீட்டில் 40 சதவீதம் வரையும் கம்பி போட்டதில் 35 சதவீதம் வரையும் அனுமதிக்கிறது. 100 சதவீதம் போட்டுச் சோதித்தால் ஆய்வுக்கு ருசியாக இருக்கும், உறை வார்க்கிறவருக்கு உபயோகமில்லை.

அச்சுக்குத் தடவும் எண்ணெய்! வார்ப்புக் களங்களில் ஒர்க்‌ஷாப்பிலிருந்து வாங்கிய வேஸ்ட் ஆயிலைத்தான் தடவுவார்கள். அதில் துத்தநாகம் தாராளமாக இருக்கும், என்ஜின் தேய்மானத்தில் வந்த மற்ற உலோகங்களும் இருக்கும். ஒரு குழுவுக்கு இரண்டு கலவையிலும், முதல் இரண்டு தண்ணீரில் மட்டும், துத்தநாகம் எகிறியது. பத்து நாள் மண்டையைக் குடைந்த பிறகு அச்சைத் தொட்டுப் பார்த்தோம், விரலெல்லாம் கறுப்பு. பிளாஸ்டிக் அச்சு எடுங்கள். முடியாவிட்டால் இரும்பு அச்சின் உள்ளே மெல்லிய பாலித்தீன் தாள் ஒட்டுங்கள்.

க்யூரிங் தொட்டியில் போடவே கூடாது. வழக்கத்துக்கு விரோதமாகத் தோன்றும், சிவில் ஆசிரியர்கள்கூடச் சண்டைக்கு வருவார்கள். நீங்கள் அளக்க விரும்புகிற உலோகம் அந்த 28 நாளில் தொட்டித் தண்ணீருக்குப் போய்விடும், பக்கத்தில் கிடக்கும் வேறு குழுவின் கட்டியிலிருந்தும் உங்கள் கட்டிக்கு வந்து ஒட்டும். பாலித்தீனில் இறுகச் சுற்றி, உள்ளே கொஞ்சம் ஈரம் விட்டு, நிழலில் வையுங்கள். சாம்பல் கலவை மெதுவாகத்தான் இறுகும் என்பதால் நேரம் இருந்தால் 56 நாள் விடுங்கள்.

5. பாட்டிலும் தண்ணீரும்

நாம் தேடுவது லிட்டருக்கு மில்லிகிராமில் நூறில் ஒரு பங்கு. கை அழுக்கே அதைவிட அதிகம்.

பாட்டில்கள் எல்லாம் எச்டிபிஇ பிளாஸ்டிக். 10 சதவீத நைட்ரிக் அமிலத்தில் ஓர் இரவு ஊற வைத்து, அயனி நீக்கிய தண்ணீரில் மூன்று நான்கு தடவை அலசி, கவிழ்த்துக் காய வைக்க வேண்டும். பவுடர் போட்ட ரப்பர் கையுறையில் துத்தநாகம் உண்டு, நைட்ரில் கையுறை வாங்குங்கள்.

தாமிரபரணித் தண்ணீர் குடிக்க எவ்வளவு ருசியானாலும் இங்கே வேண்டாம். பேட்டரிக் கடை டிஸ்டில்டு வாட்டரையும் நம்ப வேண்டாம், கேன் எத்தனை நாள் வெயிலில் நின்றதோ. கான்கிரீட் எதுவும் போடாத வெறும் தண்ணீரையும் ஒரு பாட்டிலில் வைத்து, கடைசி வரை எல்லாப் படியிலும் கூடவே கொண்டுபோங்கள். இதற்கு பிளாங்க் என்று பெயர். அதில் ஈயம் வந்தால் அது கான்கிரீட்டின் ஈயம் இல்லை.

6. உடைத்து உருட்டும் சோதனை

டிசிஎல்பியில் எல்லாத் துண்டும் 9.5 மி.மீ. சல்லடையில் இறங்க வேண்டும். கனமான பாலித்தீன் பையை இரண்டு சுற்றாகப் போட்டு உள்ளே வைத்துச் சுத்தியலால் உடையுங்கள். தாடைக் கிரஷரில் கொடுத்தால் அதன் எஃகுத் தகட்டிலிருந்து மாங்கனீசும் குரோமியமும் சேரும்.

தவறு இரண்டு பக்கமும் நடக்கும். சிலர் மாவாக அரைத்துவிடுவார்கள், பரப்பு கூடி எண் வீங்கும். சிலர் சல்லடையில் நின்ற ஜல்லியைத் தூக்கி எறிவார்கள், அப்போது மாதிரியில் சிமெண்ட் பங்கு கூடிவிடும். நின்றதை மறுபடி உடைத்து, எல்லாம் இறங்கும் வரை விடாதீர்கள்.

அமிலக் கரைசல் இரண்டு வகை. எது என்று தெரிய, 1 மி.மீ.க்குக் கீழ் பொடித்த 5 கிராமை 96.5 மி.லி. தண்ணீரில் ஐந்து நிமிடம் கலக்கி பிஹெச், அதாவது அமில-கார அளவு, பாருங்கள். கான்கிரீட்டுக்கு அது 5ஐ எங்கேயோ தாண்டியிருக்கும். அப்போது 1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 3.5 மி.லி. விட்டு, 50 டிகிரிக்குச் சூடாக்கி, பத்து நிமிடம் வைத்து, ஆற விட்டு மறுபடி பார்க்க வேண்டும். இன்னும் 5க்கு மேல் என்றால் இரண்டாம் கரைசல்: 5.7 மி.லி. அடர் அசிட்டிக் அமிலம், தண்ணீர் விட்டு ஒரு லிட்டராக்கியது, பிஹெச் 2.88. நம் கான்கிரீட் எல்லாம் இங்கேதான் வந்து நிற்கும், ஆனாலும் இந்தப் படியைச் செய்து எழுதி வையுங்கள், யாராவது கேட்பார்கள்.

100 கிராம் துண்டுக்கு 2 லிட்டர் கரைசல். நிமிடத்துக்கு 30 சுற்று, 18 மணி நேரம், இரண்டு மணி கூடலாம் குறையலாம். சாயங்காலம் நாலு மணிக்குப் போட்டால் காலை பத்து மணிக்கு எடுக்கலாம், யாரும் இரவு முழிக்க வேண்டாம். கரண்ட் போனால் உருட்டு நின்றுவிடும், இன்வெர்ட்டரில் மாட்டுங்கள். அறையின் சூடு 23 டிகிரிப் பக்கம் இருக்க வேண்டும் என்கிறது முறை. கத்திரி வெயில் நாளில் பாளையங்கோட்டையில் ஏசி இல்லாத அறையில் அது நடக்கிற காரியமில்லை, ஏசி அறையைக் கேட்டு வாங்குங்கள்.

எடுத்தவுடன் செய்ய வேண்டியது: பிஹெச் அளப்பது. இதை விட்டவர்களின் முழு வேலையும் வீண் என்றே சொல்வேன். கணக்குப் போட்டுப் பாருங்கள். 2 லிட்டர் கரைசலில் இருக்கும் அமிலம் 0.2 மோல். 100 கிராம் கான்கிரீட்டில் 15 கிராம் சிமெண்ட் இருந்தால், அதிலுள்ள சுண்ணாம்பு முழுதும் கரையுமானால் 0.3 மோலுக்கு மேலேயே அமிலத்தை விழுங்கிவிடும். அதாவது சிமெண்ட் கூடிய கலவை அமிலத்தைத் தின்றுவிட்டுக் காரத்திலேயே நிற்கும், குறைந்த கலவை நடுவில் நிற்கும். ஈயமும் துத்தநாகமும் பிஹெச் 9, 10 பக்கம் மிகக் குறைவாகக் கரையும், 12ஐத் தாண்டினாலும் ஏறும், அமிலத்துக்குப் போனாலும் ஏறும். ஆகவே இரண்டு கலவைக்கும் ஈயத்தில் வித்தியாசம் தெரிந்தால் அது கழிவால் வந்ததா, கடைசி பிஹெச்சால் வந்ததா என்று அந்த ஒரு எண் இல்லாமல் யாராலும் சொல்ல முடியாது.

7. முழுக் கட்டியின் ஊறல் சோதனை

உறைக்கார அண்ணாச்சிக்கு நாங்கள் செய்தது இது.

1315ஆம் முறையில், கட்டியின் வெளிப்பரப்பில் ஒவ்வொரு சதுர செ.மீ.க்கும் 9 மி.லி. தண்ணீர். 5 செ.மீ. கட்டிக்கு 150 ச.செ.மீ. பரப்பு, 1.35 லிட்டர் வேண்டும். வழக்கமான 15 செ.மீ. க்யூபைக் கொண்டுவந்தால் ஒரு தடவைக்கு 12 லிட்டருக்கு மேல், ஒன்பது தடவை, மூன்று கட்டி... அயனி நீக்கிய தண்ணீருக்கு எங்கே போவது? பெரிய ஜல்லி இல்லாத கலவை என்றால் 5 செ.மீ., சாதாரண ஜல்லி என்றால் 10 செ.மீ. போதும்.

கட்டியைப் பாத்திரத்தின் அடியில் அப்படியே வைக்காதீர்கள், அடிப்பக்கம் தண்ணீர் படாது. சிறு பிளாஸ்டிக் துண்டுகள் மேல் நிறுத்துங்கள், எல்லாப் பக்கமும் தண்ணீர் சூழட்டும். மூடி இறுக்கமாக, உள்ளே காற்று குறைவாக இருக்க வேண்டும். காற்றிலுள்ள கரியமில வாயு தண்ணீரில் கரைந்து பிஹெச்சை இறக்கிவிடும், மேலே வெள்ளை ஆடை மாதிரி படிந்தால் அதுதான்.

தண்ணீர் மாற்றும் நேரம், ஊறப்போட்டதிலிருந்து: 2 மணி, 1 நாள், 2, 7, 14, 28, 42, 49, 63ஆம் நாள். ஒவ்வொரு தடவையும் முழுத் தண்ணீரையும் எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் விட வேண்டும். கொஞ்சம் எடுத்துக்கொண்டு அதே அளவு ஊற்றி நிரப்புவதுதான் நான் அதிகம் பார்த்த பிழை. தண்ணீரில் உலோகம் சேரச் சேரக் கட்டியிலிருந்து வருவது தயங்கும், ஆகவே நிரப்பினால் கசிவைக் குறைவாகக் காட்டும். முதல் நாளே 63 நாளையும் காலண்டரில் குறியுங்கள். 42ஆம் நாள் தீபாவளியில் வந்து விழுந்தால் லேப் பூட்டியிருக்கும்.

கணக்கு எளிது. தண்ணீரில் கண்ட அளவை லிட்டரால் பெருக்கிப் பரப்பால் வகுக்க வேண்டும். உதாரணத்துக்கு, 5 செ.மீ. கட்டியில் ஒரு தடவை 0.004 மி.கி./லி. என்று வந்தால், 0.004 பெருக்கல் 1.35, வகுத்தல் 0.015 ச.மீ., ஆக 0.36 மி.கி./ச.மீ. ஒன்பது தடவையையும் கூட்டிக்கொண்டே போய், நாளையும் கசிவையும் மடக்கை அளவில் வரைபடமாக்குங்கள். கோட்டின் சாய்வு 0.5 பக்கம் இருந்தால் உலோகம் உள்ளிருந்து மெதுவாக ஊடுருவி வருகிறது. அதைவிட நன்றாகக் குறைந்தால் மேலே ஒட்டியிருந்தது கழுவிப்போய் முடிகிறது. 1ஐ நோக்கி ஏறினால் பரப்பே கரைகிறது என்று சந்தேகியுங்கள்.

8. வடிகட்டி, அப்புறம் அமிலம்

ஊறல் தண்ணீருக்கு வரிசை இதுதான்: பிஹெச், மின்கடத்துத்திறன், 0.45 மைக்ரான் வடிகட்டி, ஆறு இணைதிற குரோமியத்துக்கு ஒரு பங்கைத் தனியாக எடுத்தல், மீதிக்கு நைட்ரிக் அமிலம் விட்டு பிஹெச்சை 2க்குக் கீழே இறக்குதல். டிசிஎல்பிக்கு மட்டும் 0.6 முதல் 0.8 மைக்ரான் கண்ணாடி நார்த் தாள்.

அமிலத்தை முதலில் விட்டுவிட்டுப் பிறகு வடிகட்டினால், மிதக்கும் சிமெண்ட் தூள் கரைந்து அதிலுள்ள உலோகமும் கணக்கில் வந்துவிடும். குரோமியத்துக்கான பங்குக்கு அமிலமே கூடாது, ஆறு இணைதிறம் மூன்றாக மாறிவிடும். அதைக் குளிரில் வைத்து 24 மணி நேரத்துக்குள் அளந்துவிடுங்கள். டைபீனைல்கார்பசைடு விட்டு 540 நானோமீட்டரில் பார்க்கும் முறை கல்லூரி லேபிலேயே நடக்கும். பாதரசம் வேண்டும் என்றால் அதற்கான பாட்டிலை லேபிடமே கேட்டு வாங்குங்கள்.

பாட்டிலில் மார்க்கரால் எழுதினால் அமிலம் பட்டு அழியும், டேப்பின் மேல் பென்சில் நிற்கும். எது சாம்பல், எது சாதா என்று லேபுக்குத் தெரிய வேண்டாம், எண் மட்டும் போதும். பிளாங்க்கையும் அதே மாதிரி எண் போட்டு நடுவில் சேர்த்து அனுப்புங்கள்.

9. எண்கள் வந்தபின்

பிளாங்க்கைப் பாருங்கள், அப்புறம் சாதா கட்டியை, கடைசியாகக் கழிவுக் கட்டியை. இந்த வரிசையில் பார்த்தால் அவசரப்பட்டுக் கத்த மாட்டீர்கள்.

இப்போது அண்ணாச்சியின் காகிதத்துக்கு வருகிறேன். டிசிஎல்பியில் ஈயத்துக்கு வரம்பு 5 மி.கி./லி., ஆர்சனிக்குக்கு 5, குரோமியத்துக்கு 5, காட்மியத்துக்கு 1, பாதரசத்துக்கு 0.2. குடிநீரில் ஈயத்துக்கு 0.01. இரண்டுக்கும் நடுவில் ஐந்நூறு மடங்கு. டிசிஎல்பியில் பாஸ் என்றால், அபாயகரக் கழிவு என்று முத்திரை விழாது, அவ்வளவே. அதைக் குடிக்கிற தண்ணீருக்குச் சான்றாகக் காட்டக் கூடாது. அதே சமயம் ஊறல் பாத்திரத்தில் வந்த எண்ணை நேரே குடிநீர் வரம்போடு ஒப்பிடுவதும் முழுச் சரியில்லை. கிணற்றில் ஊற்று ஓடுகிறது, தண்ணீருக்கும் பரப்புக்கும் உள்ள விகிதம் வேறு. ச.மீ. கணக்கை வைத்து, உறையின் உள்பரப்பு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு, எத்தனை நாள் தேங்கும் என்று போட்டுப் பார்க்க வேண்டும். கோடையில் ஊற்று வற்றி முழங்கால் தண்ணீர் தேங்கி நிற்கும் நாள்தான் மோசமான நாள், அதற்குப் போடுங்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் மறந்துவிடுகிறார்கள்: புதுக் கான்கிரீட்டும் பழைய கான்கிரீட்டும் ஒன்றல்ல. வருடக்கணக்கில் காற்று பட்டுப்பட்டு, 12, 13 என்றிருந்த பிஹெச் 9க்குக் கீழே இறங்கும். அப்போது ஈயம் அடங்கினாலும், ஆர்சனிக், செலினியம், ஆறு இணைதிற குரோமியம் போன்றவை சிமெண்டின் சில படிகங்களில் பிடிபட்டிருந்தது அந்தப் படிகங்கள் சிதையும்போது வெளியே வரலாம். அதனால் முடிந்தால் ஒரு செட் கட்டியைக் கரியமில வாயு அறையில் வைத்துச் செயற்கையாக முதுமையாக்கிச் சோதியுங்கள். உடைத்த முகத்தில் பினால்ப்தலீன் தெளித்தால் இளஞ்சிவப்பு வராத இடம் வரை வாயு போயிருக்கிறது.

அண்ணாச்சிக்கு என்ன சொன்னேன்? ஸ்லாக் கட்டியிலிருந்து வந்தது சாதா கட்டியைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். ஆனாலும் குடிதண்ணீர்க் கிணற்றுக்கு வேண்டாம், காம்பவுண்டுக் கல்லுக்கும் பேவர் பிளாக்குக்கும் போடுங்கள் என்றேன். ஒரு லோடைச் சோதித்த முடிவு அடுத்த லோடுக்குப் பொருந்தும் என்று அவரிடமும் உத்தரவாதம் இல்லை, என்னிடமும் இல்லை. அவர் களத்தைப் போய்ப் பார்த்தபோது பெரிய வேடிக்கை: உறையைப் பற்றி இவ்வளவு கவலைப்பட்டவர், ஸ்லாக் குவியலை வாய்க்கால் ஓரம் திறந்து போட்டிருந்தார், அருகில் நாலு மூட்டை சாம்பல் வாய் பிரிந்து கிடந்தது. சிமெண்டில் கட்டுண்ட கழிவைவிடக் கட்டுப்படாத கழிவுதான் மழையில் எளிதாகக் கசியும். ஐப்பசி மழைக்கு முன்னால் திட்டு கட்டித் தார்ப்பாய் போட்டு மூடச் சொல்லி, அதைத்தான் முதலில் செய்ய வைத்தேன்.

10. மிச்சத்தை என்ன செய்வது

அமிலக் கரைசலையும் கசிவுநீரையும் வாஷ்பேசினில் ஊற்றாதீர்கள். ஒரு கேனில் சேர்த்து, சுண்ணாம்பு விட்டு, பிஹெச் 9 பக்கம் வந்ததும் அடியில் படிவதைத் தனியாக எடுத்துக் கல்லூரியின் ரசாயனக் கழிவோடு கொடுத்துவிடுங்கள். ஆறு இணைதிற குரோமியம் சுண்ணாம்புக்கு மட்டும் மசியாது, முதலில் ஃபெரஸ் சல்ஃபேட் போட்டு மூன்றாக்கிவிட்டுச் சுண்ணாம்பு விட வேண்டும்.

ஊறிய கட்டிகளைத் துடைத்து, எண்ணோடு, பாலித்தீனில் சுற்றி அலமாரியில் வையுங்கள். அடுத்த வருடம் வருகிற குழு மேலிருந்து ஒவ்வொரு மி.மீ.ஆகச் சுரண்டிப் பார்த்து, எவ்வளவு ஆழம் வரை உலோகம் போயிருக்கிறது என்று அளக்கலாம்.